கண்டியில் ஒரு வெறும் நாள்: திட்டமின்றித் தனியே நகரம் சுற்றுவது எப்படி

வவுனியாவிலிருந்து அலுவலகப் பயிற்சியொன்றுக்காகக் கண்டிக்கு வந்திருந்தபோது, மூன்று நாள் வகுப்பு இரண்டே நாளில் முடிந்துவிட்டதால், மூன்றாம் நாள் முழுவதும் எனக்கு வெறும் நாளாகக் கிடைத்தது. ஊர் திரும்பும் பஸ்ஸில் அன்று இரவுக்குத்தான் ஆசனம் பதிவாகியிருந்தது. கூட வந்தவர்களோ கொழும்புக்கும் மட்டக்களப்புக்குமாகப் பிரிந்து போய்விட்டார்கள். காலை பத்து மணி வரை அறையிலேயே இருந்து, பார்க்க வேண்டிய இடங்களைக் கைப்பேசியில் தேடிக்கொண்டிருந்ததுதான் அன்று நான் செய்த முதற்பிழை. கண்டியில் நடப்பதற்கு ஏற்ற மணித்தியாலங்கள் காலை ஆறரை முதல் பத்தரை வரையானவை. அவற்றைக் கட்டிலில் இருந்தபடியே தொலைத்துவிட்டேன். அதன் பின்னர் மலையக நகரங்களில் இப்படியான நாட்கள் பலவற்றைத் தனியே கழித்திருக்கிறேன். அவற்றிலிருந்து படித்தவற்றைக் கண்டியை முன்வைத்து இங்கே எழுதுகிறேன்.

திட்டமின்றிச் சுற்றுவதென்றால் எதையும் முடிவு செய்யாமல் இறங்குவது என்று பலர் எண்ணுகிறார்கள். என் அனுபவம் வேறு. நாளின் முடிவை இறுகக் கட்டிவைத்தவருக்குத்தான் நடுப்பகுதியைத் தளர விட முடியும். எந்த பஸ்ஸில் அல்லது எந்தப் புகையிரதத்தில் திரும்பப் போகிறேன், அது எங்கிருந்து எத்தனை மணிக்குப் புறப்படுகிறது, அதைத் தவறவிட்டால் அடுத்தது எது என்ற மூன்று கேள்விகளுக்கும் காலையிலேயே விடை கண்டுவிட்டால், பிறகு நாள் முழுவதும் மணிக்கூட்டைப் பார்க்க வேண்டியதில்லை. கண்டியில் இது மிகவும் முக்கியம், ஏனெனில் அங்கே எல்லா பஸ்களும் ஓரிடத்திலிருந்து புறப்படுவதில்லை. தூர இடங்களுக்குச் செல்பவை புகையிரத நிலையத்தை ஒட்டிய குட்ஷெட் பக்கத்திலிருந்தும், அயலூர்களுக்குச் செல்பவை மணிக்கூட்டுக் கோபுரத்தடியிலிருந்தும் வேறு தரிப்பிடங்களிலிருந்தும் புறப்படுவது வழக்கம். வீதி வேலைகளின்போது இவை இடம் மாறுவதும் உண்டு. ஆகவே, வரைபடத்தை மட்டும் நம்பாமல், காலையில் ஒருமுறை அங்கே போய், பஸ்ஸின் அருகில் நிற்கும் நடத்துநரிடமே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது பை. முதுகில் எட்டுக் கிலோவைச் சுமந்துகொண்டு மேடேறுபவருக்கு ஊர் கண்ணில் படாது, அடுத்து எங்கே உட்காரலாம் என்பது மட்டுமே படும். அறையைக் காலி செய்த பிறகும் பையை மாலை வரை வைத்திருக்கப் பெரும்பாலான தங்குமிடங்கள் சம்மதிக்கும். சம்மதிக்காவிட்டால் புகையிரத நிலையத்தில் பொதிகளைப் பொறுப்பேற்பார்களா, எத்தனை மணிக்கு மூடுவார்கள் என்று கேட்டுவிட்டு வையுங்கள். கையில் கொண்டு போக வேண்டியவை சிலவே: குடை, தண்ணீர்ப் போத்தல், சில்லறையாக மாற்றிய காசு, அடையாள அட்டை, கைப்பேசிக்கு மின்னேற்றி. அடையாள அட்டையைச் சும்மா சொல்லவில்லை. தமிழ்ப் பெயரோடு இந்நாட்டில் தனியே நடப்பவர்கள் அதை வீட்டில் வைத்துவிட்டு வருவதில்லை என்பது நம்மில் பலருக்குப் பழகிப்போன செய்தி. அவசரத்துக்குப் பொலிஸின் 119 இலக்கத்தையும், இலவச அம்புலன்ஸ் சேவையின் 1990 இலக்கத்தையும் நினைவில் வைத்திருங்கள்.

இனி ஊரின் அமைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்டி ஒரு கிண்ணம் போன்றது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் உள்ள அந்தக் கிண்ணத்தின் அடியில் வாவி கிடக்கிறது. சுற்றிலும் ஹந்தானையும் உடவத்தகலைக் காடும் பிற குன்றுகளும் விளிம்பாக நிற்கின்றன. கிண்ணத்துக்குள் இருக்கும் வரை வழி தவறுவது கடினம்: எங்கே நின்றாலும் சரிவு இறங்கும் பக்கமாக நடந்தால் வாவிக்கோ கடைவீதிக்கோ வந்து சேருவீர்கள். இந்த விதியைப் பெரிதாக நம்பிய நான், ஒருநாள் வாவியின் கிழக்குக் கோடியை விட்டு மேடேறி, பேச்சுவாக்கில் விளிம்பைத் தாண்டிவிட்டதை அறியாமல், லேவெல்லப் பக்கமாகச் சரிவு காட்டிய வழியே இறங்கிக்கொண்டிருந்தேன். முடிவில் கண்ணுக்குத் தெரிந்தது வாவியல்ல, மகாவலி கங்கை. விளிம்புக்கு அப்பால் எல்லாச் சரிவும் ஆற்றை நோக்கித்தான் போகிறது. ஆகவே, ஏறிய வீதி மறுபக்கம் இறங்கத் தொடங்கியதும் ஒரு கணம் நின்று, வாவி இன்னும் முதுகுப்புறத்தில் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தெரியாவிட்டால், எதிரே வரும் பஸ்ஸில் ஏறிவிடுவதே மேல்.

வாவியைச் சுற்றி நடப்பதிலிருந்து நாளைத் தொடங்குவது நல்லது. முழுச் சுற்று மூன்று கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். நின்று பார்த்து நடந்தாலும் ஒரு மணித்தியாலம் போதும். புத்தரின் புனிதப் பல் பேணப்படும் தலதா மாளிகைப் பக்கத்தில் வாகன இரைச்சல் அதிகம். எதிர்க்கரையில், மல்வத்து விகாரைப் பக்கமாக, மரநிழலும் அமைதியும் உண்டு. அந்த நிழலில் நடக்கும்போது வெயிலாக இருந்தாலும் குடையை விரித்துக்கொள்ளுங்கள்; மேலே நீர்க்காகங்களும் கொக்குகளும் கூட்டம் கூட்டமாக அடைந்திருக்கின்றன என்பதை நடைபாதையின் வெண்ணிறமே சொல்லிவிடும். கரையோரத்தில் கபரகொய்யா எனும் பெரிய நீருடும்பு ஒன்று படுத்திருந்தால், அதுவாக நகரும் வரை ஒதுங்கி நில்லுங்கள்.

மாளிகைப் பக்கக் கரைக்கு வந்ததும் மதிலருகில் சற்று நில்லுங்கள். இந்த வாவியை 1807இல் வெட்டுவித்தவர் கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். கண்ணுசாமி என்ற இயற்பெயர் கொண்ட, நாயக்கர் வழிவந்த அவர், 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி உடன்படிக்கையோடு அரசை இழந்து, பின்னர் வேலூருக்கு நாடு கடத்தப்பட்டு, 1832இல் அங்கேயே இறந்தார். மதிலின் மேற்பகுதி அலையலையாக வளைந்து செல்கிறது; மேகத்தைப் போல் இருப்பதால் சிங்களத்தில் வலாகுளு பம்ம, அதாவது மேக மதில், என்பார்கள். அதிலுள்ள முக்கோணத் துளைகள் விளக்கு வைப்பதற்காக விடப்பட்டவை. வாவி முடிந்து எட்டாண்டுகளில் அரசும் முடிந்துவிட்டதால் மதில் வேலை முற்றுப்பெறவேயில்லை. வேலை எங்கே நின்றுபோனது என்று மதிலைத் தொடர்ந்து நடந்து நீங்களே தேடிப் பாருங்கள். அரைமணி நேரம் போவது தெரியாது.

தலதா மாளிகைக்குள் போவதா இல்லையா என்பதை உங்கள் விருப்பத்துக்கு விடுகிறேன். போவதானால் தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும், காலணியைக் கழற்ற வேண்டும், பூசை நேரங்களான காலை ஐந்தரை, ஒன்பதரை, மாலை ஆறரை ஆகியவற்றை ஒட்டி நெரிசல் இருக்கும். 1998 ஜனவரியில் நடந்த குண்டுத் தாக்குதலுக்குப் பிறகு வந்த சோதனை முறைகளுக்காகவும் சிறிது நேரம் ஒதுக்குங்கள். எனக்கு மாளிகையை விட அதைச் சுற்றியுள்ள வளவே பிடிக்கும். அங்கும் அதன் அருகிலுமாக நாத, விஷ்ணு, பத்தினி, கதிர்காமம் என நான்கு தேவாலயங்கள் உள்ளன. நாத தேவாலயம் 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, கண்டியில் நிலைத்திருக்கும் கட்டடங்களுள் மிகப் பழையது. பத்தினி தெய்யோ என்று அங்கே வணங்கப்படுபவள் நம் கண்ணகி. ஒரு முற்பகலில் அந்த வாசலில் பூத்தட்டோடு நின்ற வெள்ளைச் சேலை அம்மா ஒருவர், என் நெற்றியில் இருந்த திருநீற்றைப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் தம் தட்டிலிருந்த நீலோற்பலங்களில் ஒன்றை எடுத்து என் கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். பக்கத்திலேயே செங்கல்லால் கட்டிய பரிசுத்த பவுல் தேவாலயமும், தேசிய அருங்காட்சியகத்துக்குப் பின்னால் மேட்டில் ஆங்கிலேயர் காலத்து இடுகாடும் இருக்கின்றன. பதினைந்து நிமிட நடைக்குள் இத்தனையும் அடங்கிவிடுவதால், எதையும் விரட்டிப் பிடிக்க வேண்டியதில்லை.

கடைவீதியில் எப்படி நடப்பது என்பதற்கு நான் கைக்கொள்ளும் உபாயம் ஒன்றுண்டு: வீட்டிலிருந்து பழுதான சிறு பொருள் ஒன்றைக் கொண்டுவருவேன். ஒருமுறை கம்பி வளைந்த குடை, இன்னொருமுறை வார் அறுந்த கைக்கடிகாரம். பார்க்க வந்தவராக நடந்தால் கடைக்காரர் விற்கத்தான் பார்ப்பார். குடை திருத்துபவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டால் அவரே கடையிலிருந்து இறங்கி வந்து கைகாட்டுவார். நான்கு பேர் காட்டிய நான்கு வழிகளில் போய், சந்தைக்கட்டடத்துக்கு அருகில் ஒரு நடைபாதை ஓரத்தில் அந்த முதியவரைக் கண்டுபிடித்தேன். அவர் பழைய குடைகளின் எலும்புக்கூடுகளைச் சாக்கில் கட்டி வைத்திருந்தார். வளைந்த கம்பியை நிமிர்த்த முயலாமல், சாக்கிலிருந்து அதே நீளக் கம்பியொன்றை உருவி, மெல்லிய கம்பியால் இரண்டு சுற்றுச் சுற்றிக் குறட்டால் முறுக்கி, துணியின் நுனியை ஊசிநூலால் மூன்று தையலில் பிடித்தார். பிறகு குடையை விரித்து, வானத்துக்கு நேரே பிடித்து, துளை இருக்கிறதா என்று பார்த்து, கேளாமலேயே ஒரு துளைக்கு ஒட்டுப் போட்டார். அவரைத் தேடியதில் நான் பார்த்த சந்துகளை எந்த வரைபடமும் காட்டியிருக்காது.

பழுதான பொருள் இல்லையென்றால், ஒரே ஒரு வீதியைத் தெரிந்தெடுத்து அதன் இரு பக்கத்தையும் நடந்து முடியுங்கள். ஐந்து வீதிகளை ஓட்டமாகப் பார்த்தவருக்குப் பெயர்ப்பலகைகள்தான் மிஞ்சும். சந்தைக்குள் போனால் கறுவாவையும் சாதிக்காயையும் முதற்கடையில் வாங்காமல், விலையை மட்டும் கேட்டுக்கொண்டு உள்ளே நடந்து, திரும்பும்போது வாங்குங்கள்.

சாப்பாட்டைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் தனியே அலைபவருக்கு ஓய்வும் பேச்சுத்துணையும் கழிப்பறையும் கிடைக்குமிடம் தேநீர்க்கடைதான். மதியச் சோற்றைப் பன்னிரண்டு மணியளவிலேயே முடித்துவிடுங்கள். அதன் பின் அலுவலகக் கூட்டமும் டியூஷன் பிள்ளைகளும் வந்துவிட்டால், தனி ஆள் ஒருவர் முழு மேசையைப் பிடித்துக்கொண்டிருப்பது அழகல்ல. தேநீர் நேரத்தில் உட்கார்ந்தால், நீங்கள் கேட்காமலேயே ரோல்ஸ், பற்றிஸ், வடை, மரக்கறி ரொட்டி எல்லாம் நிறைந்த தட்டு முன்னால் வந்துவிடும். தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் இதைக் கண்டு திகைப்பதைப் பார்த்திருக்கிறேன். தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிட்டதற்கு மட்டுமே கணக்கு. தொடாதவை திரும்பிப் போகும். ஆகையால், சாப்பிடப்போவதில்லையென்றால் ஒன்றையும் கையால் தொட்டுப் பார்க்காதீர்கள். பாலில்லாத தேநீரை வடக்கில் வெறுந்தேத்தண்ணி என்போம். தோட்டத்து மக்கள் சாயத்தண்ணி என்பார்கள். கடையில் பிளேன்டீ என்றால் எவருக்கும் விளங்கும். இஞ்சி போட்டுத் தரச் சொல்லுங்கள்.

அப்படியொரு கடையில் பணம் வாங்குமிடத்தில் இருந்தவர் என் பேச்சைக் கேட்டுவிட்டு, "அக்கா எந்த ஊரு?" என்றார். வவுனியா என்றேன். "அட, எங்க சித்தப்பா குடும்பம் அங்கதான் இருக்கு. எழுபத்தேழு கலவரத்துல தோட்டத்த விட்டுப் போனவங்க. நெளுக்குளம் தெரியுமா?" என்றார். தெரியுமா என்றால், நான் தினமும் பஸ் மாறும் இடத்துக்கு அடுத்த ஊர். இருபது நிமிடம் பேசினோம். எழுந்தபோது, மலையுச்சியில் பெரிய புத்தர் சிலை இருக்கும் பஹிரவகந்தவுக்கு ஓட்டோ பிடிக்க வேண்டாம், ஏறிப் போவதற்குப் படிவழி இருக்கிறது என்று அவர்தான் சொல்லித் தந்தார்.

சிங்களம் தெரியாதே என்று தயங்குபவர்களுக்கு ஒரு சொல். கண்டி நகரில் தமிழ் பேசுவோர் தாராளமாக இருக்கிறார்கள். ஆனாலும் முதல் வாக்கியம் எந்த மொழியில் வரும் என்று தெரியாதபோது உறவுச்சொல்லால் தொடங்குங்கள். அக்கா என்பது இரு மொழியிலும் ஒன்றே. அய்யா என்று நாம் மரியாதைக்குச் சொல்வது சிங்களத்தில் அண்ணனைக் குறிக்கும். நடத்துநரை அய்யா என்றால் இரண்டு கணக்கிலும் அவர் மகிழ்வார். விலை கேட்கக் "கீயத?", இடம் கேட்கக் "கொஹேத?", பஸ்ஸில் இறங்க "மெத்தன பஹினவா" என்ற மூன்றும் கைவசமிருந்தால் ஒரு நாளுக்குப் போதுமானது.

தனியே நிற்பவரிடம் வாவிக்கரையில் சிலர் வந்து, நீங்கள் தங்கியிருக்கும் விடுதியில்தான் வேலை செய்வதாகவும், இன்று மட்டும் ஒரு விசேஷம் நடப்பதாகவும், கூட்டிப்போவதாகவும் சொல்வதுண்டு. எந்த விடுதி என்று திருப்பிக் கேட்டால் கதை அங்கேயே முடிந்துவிடும். ஓட்டோவில் ஏறுவதற்கு முன் கூலியைப் பேசிவிடுங்கள், அல்லது பிக்மீ செயலியில் வரவழையுங்கள். பெண்கள், "தனியே வந்திருக்கிறீர்களா?" என்ற கேள்விக்கு நாளொன்றுக்குப் பத்துத் தடவையாவது பதில் சொல்ல நேரும். கேட்பவர்களில் பெரும்பாலோர் அக்கறையோடுதான் கேட்கிறார்கள் என்றாலும், "தங்கச்சி பஸ் ஸ்டாண்டில் காத்திருக்கிறா" என்பது எனக்கு எப்போதும் உதவிய பொய். காட்டுப் பாதைகளுக்கு, உடவத்தகலை உட்பட, மாலை நான்கு மணிக்குப் பிறகு தனியே போவதை நான் தவிர்த்துவிடுகிறேன். மழை பெய்த மறுநாள் என்றால் அட்டைக்கடியும் உண்டு.

மழையே மலையகத்தில் நாளை இரண்டாக வெட்டும் கத்தி. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் காலை பளிச்சென்றிருந்தாலும் பிற்பகலில் இடியோடு கொட்டிவிடும். என் கணக்கில், ஹந்தானை மலையின் உச்சி மறைந்துவிட்டால் கூரை தேட வேண்டிய நேரம் வந்துவிட்டது. ஆகையால் மேடும் வெளியும் முற்பகலுக்கு. அருங்காட்சியகமும் நூலகமும் துணிக்கடையும் பிற்பகலுக்கு. முழுநிலா விடுமுறையான போயா தினத்தில் கூட்டமும் வெள்ளுடையும் தனியழகு. ஆனால் பல கடைகள் பூட்டியிருக்கும். மாளிகையின் ஆண்டு ஊர்வலமான எசல பெரஹெர நடக்கும் நாட்களில் வெறும் நாளொன்றைக் கண்டியில் கழிக்க நினைக்க வேண்டாம். வீதியைக் கடக்கவே பாதிநாள் போய்விடும்.

நகரத்தை விட்டு ஓர் இடத்துக்கு மட்டும் வெளியே போகலாம். இரண்டுக்கு ஆசைப்பட்டால் நாள் பஸ்ஸுக்குள்ளேயே கழியும். பேராதனைத் தாவரவியற் பூங்கா ஏறத்தாழ ஆறு கிலோமீற்றர் தூரம். 147 ஏக்கர் நிலத்தை மகாவலி மூன்று பக்கமும் வளைத்துச் செல்கிறது. பல்கலைக்கழக வளவிலுள்ள குறிஞ்சிக் குமரன் கோயிலும் அந்தப் பக்கந்தான். என் தேர்வு மாத்தளை. 1880இல் போடப்பட்ட கிளைப்பாதையில் புகையிரதம் வீடுகளின் கொல்லைப்புறங்களை உரசிக்கொண்டு மெதுவாகப் போகும். அங்கே முத்துமாரியம்மன் கோபுரத்தின் முன் நிற்கும்போது, மன்னார்க் கரையில் இறங்கிக் காடு வழியே நடந்து வந்த தோட்டத் தொழிலாளர்கள் மலைக்குள் நுழைந்த வாசல் இந்த ஊர்தான் என்பதையும் எண்ணிப் பார்க்கலாம்.

மற்ற ஊர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹட்டன் ஒரு வீதி ஊர், அரைநாளுக்கு மேல் தாங்காது. ஆனால் தோட்டங்களில் சம்பளம் போட்டதை அடுத்துவரும் ஞாயிறு என்றால், மாணிக்கப்பிள்ளையார் கோயிலிலிருந்து பஸ் நிலையம் வரை தமிழ்ப் பேச்சின் அத்தனை ஏற்ற இறக்கங்களையும் கேட்கலாம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. புகையிரதம் ஊருக்குள் வராது, நானுஓயாவில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். கம்பளிச் சட்டை இல்லாமல் மாலை வரை நிற்க முடியாது. பதுளை 1924இல் பாதை வந்து முடிந்த ஊர். வெயிலும் மலிவான சாப்பாடும் உண்டு. எங்கே போனாலும், தேயிலைத் தோட்டத்துக்குள் அலைந்து திரிய நேர்ந்தால், தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்தின் வாசல் ஒருவர் வீட்டு முற்றம் என்பதை மறக்காமல், கேட்ட பிறகே கைப்பேசியைத் தூக்குங்கள்.

மாலை ஐந்தரைக்கு நான் பையை எடுத்துவிடுவேன். ஆறரைப் பூசைக்கு மாளிகையில் அடிக்கும் மேளம் வாவியின் எதிர்க்கரை வாங்கில் இருந்தாலே கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டே முதலை வடிவில் சுட்ட கிம்புலா பனிஸைத் தின்று முடித்துவிட்டு, புறப்படும் நேரத்துக்கு நாற்பது நிமிடம் முந்தி பஸ்ஸடியில் நிற்பேன். இரவுப் பயணமென்றால் சாரதிக்குப் பின்னால் இரண்டாம் வரிசையில், முடிந்தால் இன்னொரு பெண்ணின் பக்கத்தில் அமருங்கள். நனைந்த குடையைக் காலடியில் வைக்காமல் சன்னற் கம்பியில் மாட்டிவிடுங்கள்; தம்புள்ளையைத் தாண்டுவதற்குள் காய்ந்துவிடும்.